குழாய்க்குள் நின்ற 163 லிட்டர்: ஒரு கடல்மேடை எரிபொருள் நிகழ்வு ஆய்வு

நான் மட்டக்களப்பில் கல்லடிக்காரன். 1999இலிருந்து 2013 வரை வளைகுடாவில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் ஹெலிடெக் வேலை பார்த்தேன். ஹெலிகொப்டர் வந்து இறங்கும் தளத்தைத்தான் ஹெலிடெக் என்போம். ஆட்களை ஏற்றி இறக்குவது, பொதி கட்டுவது, எரிபொருள் கொடுப்பது, தீயணைப்புக் குழாயோடு காத்து நிற்பது எல்லாம் எங்கள் வேலை. விமானிகளைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். தளத்தில் நின்றவர்களின் பக்கத்தை எங்கள் மொழியில் எவரும் எழுதியதாக நான் காணவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு நாளை, 2010 ஜனவரி 10ஐ, இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

இதை நான் தனியாக எழுதவில்லை. அந்த மேடையில் ரேடியோ அறையில் இருந்தவர் மருதமுனைக் காக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். இப்போது ஊரில் கைத்தறிச் சாரம் விற்கிறார். கம்பனியின் பதிவேடு கம்பனியோடு போய்விட்டது. ஆனால் காக்காவுக்கு நேரங்களைத் தன் சொந்த டயறியிலும் குறிக்கிற பழக்கம். அந்த டயறி இன்றும் இருக்கிறது. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை. மேடையின் பெயரையும் கம்பனியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தது வேறு எங்கும் நடக்கக்கூடியதுதான்.

மண்ணெண்ணெயும் தண்ணீரும்

ஹெலிகொப்டருக்கு ஊற்றுவது ஜெட் ஏ-1 என்ற எண்ணெய். கேட்க என்னவோ போல இருந்தாலும் அது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். முதல் நாள் அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பாவின் வள்ளம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வெளியிணைப்பு என்ஜினைப் பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பரலில் வாங்கும் மண்ணெண்ணெயில் தண்ணீர் இருக்கும். மழைக்குத் திறந்து கிடந்த பரலாக இருக்கலாம், விற்கிறவன் கலந்ததாகவும் இருக்கலாம். அப்பா முதலில் ஒரு வெள்ளைப் போத்தலில் கொஞ்சம் ஊற்றி, வெயிலுக்கு நேரே பிடித்து, மணிக்கட்டால் சுற்றுவார். சுழியின் நடுவில், அடியில், தண்ணீர் உருண்டு வந்து நிற்கும்.

"சுத்திப் பார் மகன். நடுவுல முத்து மாதிரி நிண்டா ஊத்தாத."

அவர் பயந்தது முகத்துவாரத்துக்கு. பாலமீன்மடு வெளிச்சவீட்டைத் தாண்டி வாவியும் கடலும் சேருகிற இடத்தில் அலை உடையும். அங்கே என்ஜின் நின்றால் வள்ளத்தைத் திருப்ப நேரம் கிடைக்காது. அப்படிப் போன இரண்டு பேரை அப்பாவுக்குத் தெரியும்.

ஹெலிடெக் பயிற்சியில் பயிற்றுநர் நாலு லிட்டர்க் கண்ணாடிச் சாடியில் எண்ணெய் எடுத்து, சுழியாகச் சுற்றி, அடியைப் பார்க்கச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா செய்ததேதான். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். ஜெட் ஏ-1 ஒரு லிட்டர் ஏறக்குறைய 800 கிராம்தான் வரும். ஆகவே விட்டுவைத்தால் தண்ணீர் அடிக்குப் போகும். ஆனால் நேரம் வேண்டும். ஒரு அடி ஆழத்துக்கு ஒரு மணி நேரம் அசையாமல் விட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீரும் இருக்கிறது. அதற்குத்தான் கப்சூல். சின்னப் பிளாஸ்டிக் மூடி போன்ற ஒன்று, உள்ளே மஞ்சள் நிறம். அதைச் சிரிஞ்சின் நுனியில் பொருத்தி 5 மில்லிலிட்டர் எண்ணெயை இழுக்க வேண்டும். பத்து இலட்சத்தில் 30 பங்கு அளவுக்குத் தண்ணீர் தனியாக இருந்தாலே மஞ்சள் பச்சையாகிவிடும். ஒரு குழலில் பத்துக் கப்சூல், குழலில் காலாவதித் திகதி அடித்திருக்கும். மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையே குடித்துத் தானாகப் பச்சையடிக்கும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைய வாக்குவாதம் அதில்தான் நடந்தது.

முதல் நாள், ஜனவரி 9

இரண்டு நாளாகச் சமால் அடித்துக்கொண்டிருந்தது. வடமேற்கிலிருந்து வரும் காற்று. மாரிகாலத்தில் வளைகுடாவையே கலக்கிவிடும். எங்கள் வாடைக்காற்று மழையோடு வரும், சமால் மண்ணோடும் உப்போடும் வரும். பின்னேரம் 4 மணிக்குச் சப்ளை போட் வந்தது. அதன் தளத்தில் எங்களுக்கான எரிபொருள் தாங்கி, இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் துருவேறா உருக்குப் பெட்டி. வழி முழுக்க அலை அதன் மேலேறி அடித்திருக்கிறது, மூடியில் உப்புப் பூத்திருந்தது. கிரேனால் தூக்கி, பழைய தாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முத்திரைக் கம்பி அறுபடவில்லை. கடதாசியில் குறையில்லை. மூடியின் கீழே கசிவைத் தடுக்க இருக்கும் வளையத்தைக் கஸ்கட் என்போம். அதை முத்திரையை உடைக்காமல் பார்க்க முடியாது, ஆகவே எவரும் பார்க்கவில்லை.

பழைய தாங்கியில் இருநூறு லிட்டருக்கும் குறைவாகவே மிச்சம். இரவு 9 மணிக்கு இரவு ஷிப்ட்காரர் வால்வை மாற்றிப் புதிய தாங்கியைக் குழாயோடு இணைத்தார்கள். பம்பை இயக்கவில்லை, இயக்கத் தேவையும் இருக்கவில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு, எந்தத் தாங்கி ஓடுகிறது என்று எழுத. அதில் "1" என்றே கிடந்தது. "2" என்று மாற்றவில்லை.

ஐந்து மணி நேரம் அசையாமல் நின்றபின்தான் இணைத்தார்கள். தாங்கியின் ஆழம் நாலு அடிதான், ஆகவே நேரக் கணக்கில் பிழையில்லை. தண்ணீர் அடிக்கு வந்துவிட்டது. எவராவது அடிவால்வைத் திறந்திருந்தால் அது வெளியே வந்திருக்கும்.

ஜனவரி 10, காலை

காலை 6 மணிக்கு மாதிரி எடுக்க வேண்டும். தாங்கியின் அடியிலிருந்து ஒன்று, வடிகட்டிப் பெட்டிகளின் அடியிலிருந்து ஒவ்வொன்று, ஹோஸின் முனையிலிருந்து ஒன்று. பலகையைப் பார்த்து, 1ஆம் தாங்கியின் அடிவால்வைத் திறந்து, சாடியைச் சுற்றி, "தெளிவு, பளிச்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தது நான்தான்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுகா வரும் எதையும் நான் பிறர் பிழையாக எழுதுவதாக எவரும் எண்ணக்கூடாது. வால்வின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பலகையை நம்பினேன்.

ஹோஸ் முனையில் எடுத்ததும் சுத்தமாகவே இருந்தது. கப்சூல் மஞ்சளாகவே நின்றது. இரவு பம்ப் ஓடாததால் ஹோஸிலும் குழாயிலும் நின்றது பழைய தாங்கியின் எண்ணெய். ஆக அன்று காலை நான் எடுத்த அத்தனை மாதிரியும் முடிந்துபோன தாங்கியைப் பற்றித்தான் பேசின.

9:40க்கு முதல் ஹெலி வந்தது. பெல் 212. அதன் சுழலியில் இரண்டே இதழ். அந்த இரண்டு இதழும் காற்றை அறையும் சத்தம் ஹெலி வருவதற்கு முன்பே காதில் விழும். காக்கா இன்றும் கல்முனைப் பக்கம் ஹெலி போனால், பார்க்காமலே இதழ் எத்தனை என்று சொல்வார். சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கால். வலது ஆசனத்தில் கப்டன். சிவப்பு மின்னொளி அணைந்தபின்தான் நாங்கள் கிட்டப் போவோம். பக்கவாட்டில் மட்டும், வால் பக்கம் ஒருபோதும் இல்லை. முதலில் நிலைமின் கம்பி, பிறகுதான் எண்ணெய் முனை. 146 லிட்டர் கேட்டார், கொடுத்தோம். முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள் மஞ்சள். எட்டுப் பேர் ஏறினார்கள். 9:52க்குக் கரையை நோக்கிக் கிளம்பியது. ஐம்பத்தைந்து நிமிடப் பயணம்.

எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தபோது கீழே பம்பருகில் நின்றவன் ஒரு பிலிப்பைன்ஸ் பையன், நல்ல வேலைக்காரன். வடிகட்டியின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானி ஒன்று அங்கே இருக்கிறது. வழமையாக 5இல் நிற்கும் முள் அன்று 9க்கு ஏறியது. அவன் அதைத் தன் தாளில் ஒழுங்காக எழுதினான். எங்கள் அட்டையில் 15 வந்தால் வடிகட்டியை மாற்று என்றிருந்தது. 9 என்றால் எவருக்கும் சொல்ல வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு ஊதும். ஊதினால் ஓட்டம் இறுகும், முள் ஏறும். புதிய தாங்கியின் எண்ணெய் வடிகட்டிக்குள் நுழைந்த கணத்தை அந்த முள் காட்டிவிட்டது. அதை வாசித்தவனுக்கு அது ஒரு எண்ணாகவே இருந்தது.

பச்சை

10:20க்கு இரண்டாவது ஹெலி இறங்கியது. கப்டன் ஸ்கொட்லாந்துக்காரர். வடகடலில் இருபது வருடம் ஓட்டிவிட்டு வெயிலுக்காக வளைகுடாவுக்கு வந்தவர். கீழே காத்திருப்பறையில் ஒன்பது பேர், லீவில் போகிறவர்கள். அதில் மூன்று பேர் எங்கள் ஆட்கள். தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. சண்டை ஓய்ந்தபின் வந்த முதல் பொங்கல் அது. களுவாஞ்சிகுடி அண்ணன் ஒருவர், சமையற்பகுதியில் வேலை, நாலு வருடமாகப் பொங்கலுக்கு ஊருக்குப் போனதில்லை. பெட்டி கட்டி இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் கொடுக்கும் முன் ஹோஸ் முனையில் மூன்று அல்லது நாலு லிட்டர் சாடிக்கு எடுத்தேன். சுற்றினேன். நடுவில் முத்து இல்லை. கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. கப்சூலைப் பொருத்தி இழுத்தேன்.

பச்சை. டயறியில் 10:26.

அன்று ஹெலிடெக் பொறுப்பாளர் லீவு. அவருக்குப் பதிலாக நின்ற மேற்பார்வையாளர் நல்ல மனிதர், ஆனால் எண்ணெய் வேலை அவருக்குப் புதிது. "கப்சூல் பழசு, மூடியைத் திறந்து வைத்திருப்பாய்" என்றார். அது நடக்கக்கூடியதுதான், ஆகவே நான் மறுக்கவில்லை. புது குழல் ஒன்றின் முத்திரையை அவர் முன்னாலேயே உடைத்தேன். பச்சை. "இன்னொரு பெட்டியிலிருந்து எடு" என்றார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். மூன்றாவதும் பச்சை. தலைக்கு மேலே இதழ் சுழன்றுகொண்டிருக்கிறது. கப்டன் கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறார். கீழே ஒன்பது பேர். மேற்பார்வையாளர் சாடியைக் காட்டி, "பார், தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சிரிஞ்சோடு வலப்பக்கக் கண்ணாடிக்குப் போய் உயர்த்திக் காட்டினேன். கப்டன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. தலையை ஆட்டி, கையால் தொண்டையில் கோடு கீறினார். எண்ணெய் வேண்டாம். இருபது நிமிடத் தூரத்தில் இருந்த பெரிய மேடைக்குப் போகத் தேவையான எண்ணெயும் அதற்கு மேல் மிச்சமும் அவரிடம் இருந்தது. ஆட்களை ஏற்றாமல் வெறுமையாகப் போனார்.

அப்போதுதான் முதல் ஹெலி எனக்கு ஞாபகம் வந்தது. அது குடித்ததும் அதே தாங்கியின் எண்ணெய் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தோம். வோக்கியில் காக்காவைக் கூப்பிட்டேன். 10:33க்கு அவர் ஹெலியோடு பேசினார். "தம்பி, என்ட குரல் நடுங்கினது அவனுகளுக்குக் கேட்டிருக்கும்" என்று போன மாதம் மருதமுனையில் வைத்துச் சொன்னார். விமானிகள் கரைக்குப் போகாமல் வழியில் இருந்த ஒரு சின்னத் தீவின் இறங்குதளத்தில் 10:41க்கு இறங்கினார்கள். தாங்கிகளின் அடியை வடித்துப் பார்த்தார்கள். தெளிவு. கப்சூல் மஞ்சள். நாற்பது நிமிடம் கழித்து மறுபடி கிளம்பிக் கரை சேர்ந்தார்கள்.

163 லிட்டர்

முதல் ஹெலி தப்பியது எப்படி என்று அன்றிரவு எவருக்கும் தெரியவில்லை. நான் கட்டிலில் கிடந்து குழாயை அளந்தேன். மனதால்தான். காலையில் எழும்பி நாடாவால் அளந்தேன்.

ஹோஸ் 40 மீட்டர், உள்விட்டம் 38 மில்லிமீட்டர். அதற்குள் நிற்பது 45 லிட்டர். வடிகட்டியிலிருந்து ஹோஸ் வரை உருக்குக் குழாய் 60 மீட்டர், உள்விட்டம் 50 மில்லிமீட்டர். அதற்குள் 118 லிட்டர். கூட்டினால் 163. வடிகட்டியைத் தாண்டி இவ்வளவு பழைய எண்ணெய் குழாய்க்குள் நின்றது.

இனி வெளியே எடுத்ததைக் கூட்டுவோம். காலை மாதிரிக்கு, சாடியைக் கழுவி ஊற்றியதோடு, 8. முதல் ஹெலிக்கு முன் 3, ஹெலிக்கு 146, பின் 3. மொத்தம் 160.

அதன்பின் இரண்டாவது ஹெலிக்காக நான் எடுத்த அந்த மூன்று அல்லது நாலு லிட்டரில்தான் புதிய தாங்கியின் எண்ணெய் முதன்முதலாக ஹோஸ் முனைக்கு வந்திருக்கிறது. குழாய்க்குள் பழையதும் புதியதும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்து நிற்பதில்லை, கொஞ்சம் கலக்கும். ஆகவே முதல் ஹெலிக்குப் போன கடைசி லிட்டர்களில் ஒரு துளி போயிருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கப்டன் 146க்குப் பதில் 250 லிட்டர் கேட்டிருந்தால்? முன்மாதிரி மஞ்சளாகவே இருந்திருக்கும். நாங்களும் மனச் சமாதானத்தோடு கொடுத்திருப்போம்.

இரண்டு கிழமை கழித்துக் கரையில் தாங்கியைத் திறந்த அறிக்கை வந்தது. மூடியின் கஸ்கட் ஒரு பக்கம் மடிந்து நசுங்கியிருந்தது. அடியில் கிடந்தது உப்புத் தண்ணீர், ஏறக்குறைய ஆறு லிட்டர். எங்கள் வடிகட்டிப் பெட்டியின் அடிக்கிண்ணத்தில் இன்னும் இரண்டு லிட்டர். வடிகட்டி தன் வேலையை முக்கால்வாசி செய்திருக்கிறது. மிச்சத்தையும் பிடித்திருக்க வேண்டும், ஆனால் உள்ளே இருந்த பஞ்சு மாற்ற வேண்டிய மாதத்தைத் தாண்டியிருந்தது. அடிக்கிண்ணத்துத் தண்ணீரை வழமையாகக் காலையில் மட்டுமே வடிப்போம். தாங்கி மாற்றியபின் வடிக்க வேண்டும் என்று எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

உப்புத் தண்ணீர் என்பது இன்னும் மோசம். நல்ல தண்ணீர் என்ஜினுக்குள் கட்டியாகப் போனால் நெருப்பு அணையும். உப்போ எரிபொருள் பாதையின் உள்ளுறுப்புகளையும் அரிக்கும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் ஒருவகைப் பூஞ்சணமும் வளரும், அந்த வழுவழுப்புச் சல்லடைகளை அடைக்கும். பெல் 212க்கு இரட்டை என்ஜின் என்று ஆறுதல் சொல்வார்கள். ஒன்று நின்றாலும் மற்றது கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் ஊற்றுவது ஒரே ஹோஸால்.

கப்டன் சொன்னது

சமால் மீண்டும் ஏறியதால் 11ஆம், 12ஆம் திகதிகளில் பறப்பு இல்லை. 13ஆம் திகதி அதே ஸ்கொட்லாந்துக்காரர் வந்தார், ஒன்பது பேரையும் ஏற்ற. அன்று என்ஜினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கி வந்தார். கப்டன்மார் அப்படி இறங்குவது குறைவு. முதல் வேலையாக அந்த மூன்று பச்சைக் கப்சூலையும் கேட்டார். நான் பொலித்தீன் பையில் வைத்திருந்தேன். நிறையநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுகா வடகடலைப் பற்றிப் பேசினார்.

1986 நவம்பர் 6ஐப் பற்றி முதலில் சொன்னார். பிரெண்ட் எண்ணெய் வயலிலிருந்து ஷெட்லாந்தின் சம்பறோ விமான நிலையத்துக்குத் திரும்பிய பெரிய சினூக் ஹெலி, முன்னும் பின்னுமாக இரண்டு சுழலி உள்ளது, ஓடுபாதைக்குக் கிட்ட வந்து கடலில் விழுந்தது. முன் பற்பெட்டியில், கியர்பொக்ஸ் என்பார்களே, அதில் ஒரு பற்சக்கரம் உடைந்து, இரண்டு சுழலியின் இதழ்களும் ஒன்றோடொன்று மோதியிருந்தன. 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் பற்பெட்டியின் அதிர்வைப் பறக்கும்போதே அளந்து பதியும் கருவிகள் வடகடல் ஹெலிகளில் பரவலாக வந்தன.

பிறகு 2009 ஏப்ரல் 1. எங்கள் பேச்சு நடந்தபோது அது நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய முகம் மாறிவிட்டது. மில்லர் மேடையிலிருந்து அபர்டீனுக்குத் திரும்பிய சூப்பர் பியூமா. பிரதான பற்பெட்டி உடைந்து, சுழலியே கழன்று போனது. 16 பேர், எல்லோரும் இறந்தார்கள். விபத்துக்கு ஏழு நாள் முன், மார்ச் 25ஆம் திகதி, அந்தப் பற்பெட்டியில் உலோகத் துகள்களைப் பிடிக்க வைத்த காந்தத்தில் ஒரு சின்ன உலோகத் துணுக்கு ஒட்டியிருந்ததைக் கண்டிருந்தார்கள். பார்த்தார்கள், எழுதினார்கள், தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசினார்கள். ஆனால் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் திறக்கப்படாமலே போனது. 2011இல் வந்த பிரித்தானிய விசாரணை அறிக்கையை வாசித்தபோது, கப்டன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது.

நான் பிலிப்பைன்ஸ் பையனின் தாளை நினைத்தேன். 9 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். என் தாளில் "தெளிவு, பளிச்". அதுவும் அழகான கையெழுத்துத்தான்.

ஏழு நிமிடம்

முதல் கப்சூல் பச்சையானது 10:26. காக்கா ஹெலியோடு பேசியது 10:33. இந்த ஏழு நிமிடம்தான் இந்த நிகழ்வின் மிக மோசமான பகுதி என்பது என் முடிவு. மடிந்த கஸ்கட்டையும், மாற்றாத பலகையையும், பழைய பஞ்சையும்விட இதுதான். பெல் 212 ஏழு நிமிடத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போகும். நாங்கள் தளத்தில் நின்று கப்சூலின் வயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

காக்கா இதற்கு உடன்படவில்லை. "ஒரு கப்சூலைப் பார்த்துட்டு நடுவானத்துல ஒருத்தனுக்கு 'உன்ட எண்ணெய் சரியில்ல' எண்டு சொல்ல ஏலுமா தம்பி? அவன் பதறி வேற ஏதும் செய்தா?" என்று கேட்கிறார். நான் சொல்வது வேறு. முதல் பச்சையிலேயே கூப்பிட்டு, "சந்தேகம் இருக்கிறது, இரண்டாவது சோதனை செய்கிறோம், கிட்ட இருக்கும் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். முடிவெடுப்பது விமானியின் வேலை. அதற்குத் தேவையான செய்தியைப் பிந்தாமல் கொடுப்பது எங்கள் வேலை. எங்களுக்குள் இது இன்னும் தீரவில்லை. இரண்டு தேத்தண்ணி ஆறிப்போனது.

பிறகு என்ன மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாங்கி மாற்றினால் குழாயின் முழுக் கொள்ளளவுக்கும் மேலாக, எங்கள் மேடையில் 200 லிட்டரை, கழிவுத் தாங்கிக்குத் தள்ளிவிட்டுத்தான் ஹோஸ் முனை மாதிரி எடுக்க வேண்டும். பலகையை எடுத்துவிட்டார்கள். வால்வின் கைப்பிடியிலேயே வர்ணத் தகடு வந்தது. அழுத்த மானி ஒரே நாளில் 3 எண்ணுக்கு மேல் கூடினால் அது எந்த எண்ணில் நின்றாலும் சொல்ல வேண்டும். கஸ்கட்டைக் கரையில் நிரப்பும்போதே படம் எடுத்துக் கடதாசியோடு அனுப்ப வேண்டும். தளத்தில் நிற்கும் எவரும், புதிதாக வந்தவனும்கூட, எண்ணெயை நிறுத்தலாம் என்று எழுத்தில் வந்தது. முதலில் என் பெயரில் "தாமதம் ஏற்படுத்தினார்" என்று ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். அறிக்கை வந்தபின் அதைத் திருப்பி எடுத்தார்கள். 1ஆம் தாங்கியில் மாதிரி எடுத்ததற்காகக் கிடைத்த கடிதத்தை நான் திருப்பி எடுக்கக் கேட்கவில்லை. அது சரியான கடிதம்.

கல்லடியில் இப்போது கடல்மேடை வேலைக்குப் போகும் பொடியன்மார் என்னிடம் வருவார்கள். ஹெலி கடலில் விழுந்தால் தப்பி வெளியேறப் பழக்க, நீச்சல் குளத்தில் தலைகீழாகக் கவிழ்க்கும் பயிற்சியைப் பற்றித்தான் கேட்பார்கள், அதற்குத்தான் எல்லோருக்கும் பயம். அதைச் சொல்லிக்கொடுத்தபின், ஒரு வெள்ளைப் போத்தலில் மண்ணெண்ணெயும் ஒரு சொட்டு வாவித் தண்ணீரும் ஊற்றிக் கையில் கொடுப்பேன். சுற்றச் சொல்வேன். அதன்பின் குழாய்க் கணக்கு. உங்கள் கையில் இருக்கும் எண்ணெய் எந்தத் தாங்கியிலிருந்து, எப்போது வந்தது என்று கேட்பேன். மீன்பிடிக் குடும்பத்துப் பொடியன்கள் இந்தக் கேள்வியைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

களுவாஞ்சிகுடி அண்ணன்

அவர் 13ஆம் திகதி கிளம்பி, 14 இரவு கொழும்பில் இறங்கி, பஸ் பிடித்து 15 காலை வீடு சேர்ந்தார். முற்றத்தில் பொங்கல் பானை கழுவிக் கவிழ்த்திருந்ததாம். திரும்பி வந்தபின் அந்த ஷிப்ட் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைப்பார்.

இதை எழுதத் தொடங்கியபின் அவர் வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. டயறிப் பிரதியையும் 163 கணக்கையும் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் தானே ஒருதரம் கூட்டிப் பார்த்தார். நாங்கள் நிறுத்தியது சரிதான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்களுக்கு அண்டைக்கே காரணம் சொன்னீங்க. முதல் ஹெலியில போன எட்டுப் பேருக்கும் ஆராவது சொன்னதா தம்பி?"

சொல்லவில்லை. தீவில் நாற்பது நிமிடம் நிறுத்தியபோது "சின்னத் தொழில்நுட்பச் சோதனை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். கரையில் இறங்கிப் பிரிந்து போய்விட்டார்கள். அறிக்கை கம்பனிக்குள் சுற்றியது. அந்த எட்டுப் பேரின் பெயர்கள் இருந்த பயணிகள் பட்டியல் காக்காவிடம் இல்லை. டயறியில் "8" என்று மட்டும் இருக்கிறது. இரண்டு பேர் தமிழ் பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம். ஒருவர் தமிழ்நாட்டுக்காரர், மற்றவர் எந்த ஊர் என்று தெரியாது.

உங்களில் எவராவது இதை வாசித்தால்: 2010 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை, காலை 9:52க்கு எங்கள் மேடையிலிருந்து கிளம்பி, 10:41க்கு ஒரு தீவில் இறங்கி, நாற்பது நிமிடம் நின்ற பெல் 212இல் நீங்கள் இருந்தீர்கள். நின்றதன் காரணம் இதுதான்.